ரவை இருக்கும் இடம்

ரத்தினபாய் டீச்சருக்கு ஒரு விஷயம் தெரியவில்லை என்றால் அன்றைக்குச் சோறு இறங்காது. எதிர்வீட்டு வாசலில் நிற்பது யாருடைய பைக், மாடிவீட்டுப் பெண் ஏன் திடீரென்று முடியை வெட்டிக்கொண்டாள், ஷேர் ஆட்டோ ஏன் நேற்றிலிருந்து ஏரியைச் சுற்றிப் போகிறது, எல்லாவற்றுக்கும் அவளுக்குக் காரணம் தெரிந்தாக வேண்டும். வம்புக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். கேட்டதை நாலு பேரிடம் கொண்டுபோய்க் கொட்டுகிற பழக்கம் அவளிடம் கிடையாது. தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். தெரிந்துவிட்டால் நிம்மதியாகப் போய்த் துணி மடிப்பாள்.

பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். நாலாம் வகுப்புப் பிள்ளைகள் டீச்சரைக் கேள்வி கேட்டுத் துளைப்பார்கள் என்றுதானே எல்லோரும் சொல்வார்கள்? குரோம்பேட்டையில் அவள் வேலை பார்த்த பள்ளியில் டீச்சர்தான் பிள்ளைகளைத் துளைப்பாள். "ஏன்டா லேட்டு? பஸ் வரலையா? ஏன் வரல? கண்டக்டர் என்ன சொன்னாரு?" என்று போய்க்கொண்டே இருக்கும். பையன் அழுதுவிடுவான். அவளுக்குக் கோபமே இருக்காது. அந்த பஸ் ஏன் வரவில்லை என்ற ஒன்றுதான் மனசில் ஓடிக்கொண்டிருக்கும்.

சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். பட்டாளத்துக்காரர் ஞானையாவுக்கு வாழ்க்கைப்பட்டாள். அவர் பட்டாளத்தை விட்டு வந்தபோது நாற்பதுகூட ஆகவில்லை. அந்த வயதில் பென்ஷனோடு வீட்டில் உட்கார்ந்திருந்தால் ஊர் வாய் சும்மா இருக்குமா? தாம்பரத்தில் ஒரு வங்கிக்குக் காவலாள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தது. ஆனால் ஒரு நிபந்தனை. வருகிற ஆள் சொந்தத் துப்பாக்கியோடும் அதற்கான லைசன்ஸோடும் வர வேண்டும். "பொண்ணு வீட்டுல சீர் கேட்கிற மாதிரில்லா கேட்கானுவ" என்று ரத்தினபாய் அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தாள். ஞானையா லைசன்ஸுக்கு அலைந்து வாங்கி, இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்றும் வாங்கி, வேலையில் சேர்ந்தார். பிறகு சிட்லபாக்கத்தில் மனை வாங்கினார்கள், வீடு கட்டினார்கள், ஒரே மகள் ஜோவிதாவைப் படிக்க வைத்தார்கள். ஊர்ப்பேச்சு போய் மெட்ராஸ் பேச்சு ஒட்டிக்கொண்டது.

இதில் ஒரு வேடிக்கை. அத்தனை வருஷத்தில் அந்தத் துப்பாக்கி ஒரு நாள்கூட வீட்டுக்கு வந்ததில்லை. மாலையில் பணப்பெட்டி உள்ளே போகும்போது அதுவும் கூடவே வங்கியின் ஸ்ட்ராங் ரூமுக்குள் போய்விடும். சம்பளம் எடுக்க வங்கிக்குப் போகும்போதுதான் ரத்தினபாய் அதைப் பார்ப்பாள். புருஷன் தோளில் ஒய்யாரமாகத் தொங்கிக்கொண்டிருக்கும். "உங்க சின்ன வீடு சௌக்கியமா?" என்று காதோரம் கேட்டுவிட்டு உள்ளே போவாள். ஞானையா மீசைக்குள் சிரிப்பார். யாரையும் அவர் அதால் சுட்டதில்லை, ஒரு காக்காயைக்கூட. பென்ஷன் வாங்க வரும் பெரியவர்களுக்கு டோக்கன் எடுத்துக் கொடுப்பார், நாற்காலி இழுத்துப் போடுவார். பாங்க் சார் என்றால் கிழக்குத் தாம்பரத்தில் பாதிப் பேருக்குத் தெரியும்.

இரண்டாயிரத்து ஏழில் அவர் ஓய்வு பெற்றார். சந்தனமாலை, சால்வை, ஒரு சுவர்க்கடிகாரம் எல்லாம் கொடுத்து அனுப்பினார்கள். ஸ்ட்ராங் ரூமிலிருந்து துப்பாக்கியையும் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். அது அவருடையதுதானே, அவர்கள் வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? கையில் கடிகாரம், தோளில் காக்கி உறைக்குள் துப்பாக்கி, கழுத்தில் மாலை. அந்தக் கோலத்தில் ஆட்டோவிலிருந்து அவர் இறங்கினதும் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

தெருச் சங்கத் தலைவர் அத்தாவுல்லாவுக்குத் தலைகால் புரியவில்லை. மெயின் ரோட்டில் பெயிண்ட் கடை வைத்திருந்தவர் அவர். அந்த வருஷம் அந்தப் பக்கம் பூட்டின வீட்டையெல்லாம் திருடர்கள் உடைத்துக்கொண்டிருந்தார்கள். "டீச்சர், இனிமே நம்ம தெருவுக்கு வாட்ச்மேனே தேவையில்ல. ஒரு போர்டு எழுதி மாட்டிடலாம். பெயிண்ட் நம்ம கடையிலேர்ந்து ஃப்ரீ!" என்றார்.

"என்னன்னு எழுதுவீங்க?"

"இந்தத் தெருவில் துப்பாக்கி உள்ளதுன்னுதான்."

"அப்புறம் திருடன் நகையை விட்டுட்டு அதைத்தான் பாய் தூக்கிட்டுப் போவான்" என்றாள் ரத்தினபாய். கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்தது.

வீட்டுக்குள் வந்ததும் ஞானையா துப்பாக்கியைப் படுக்கையறை பீரோவுக்குள் நிற்க வைத்துப் பூட்டினார். பிறகு ஒரு சின்ன அட்டைப்பெட்டியை மனைவியிடம் நீட்டினார்.

"இந்தா, ரவை. பத்திரமா வை. எங்க வச்சேன்னு என்கிட்ட சொல்லாத."

ரவை என்றால் தோட்டா. அவர்கள் ஊரில் பன்றி விரட்டப் போகிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். பட்டாளத்தில் அதற்கு இந்தியிலும் இங்கிலீஷிலும் பெயர் படித்த மனிதர், கடைசிவரை அந்த ஊர்ச்சொல்லை விடவில்லை.

"ஏன் சொல்லக்கூடாது?" ரத்தினபாய் விடுவாளா?

"பட்டாளத்துல அப்படித்தான். ஆயுதம் ஒருத்தன் கையில, ரவை இன்னொருத்தன் கையில."

"வீட்டுல என்ன சண்டையா நடக்குது? வாங்கின உங்களுக்கே தெரியக்கூடாதா?"

"சொன்னதைச் செய்யேன் ரத்தினம்."

அவர்கள் பேசி முடிக்கவில்லை, பக்கத்து வீட்டு நாகலக்ஷ்மி டம்ளரோடு சமையலறை வாசலில் வந்து நின்றாள். "அக்கா, ஒரு டம்ளர் ரவை குடுங்களேன். அண்ணன் பத்திரமா வைன்னு சொன்னாரே, ஊர்லேர்ந்து வந்த ஸ்பெஷல் ரவையா?" என்றாள். புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்ததில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. விஷயம் தெரிந்ததும் நாகலக்ஷ்மி டம்ளரைக் கீழே போட்டுவிட்டாள். அப்புறம் சமையல் ரவையை வாங்கிக்கொண்டு, "எங்க வீட்டுக்காரர் நைட் ஷிஃப்ட் போனா எனக்குத் தூக்கமே வராதுக்கா. இனிமே தைரியமா படுப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ரத்தினபாய் அந்தப் பெட்டியைக் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள் இருந்த பெட்டிக்குள் வைத்தாள். மேய்ப்பர்களுக்கும் மாட்டுக்கும் அடியில், வைக்கோலுக்குள் செருகிப் பரண்மேல் ஏற்றிவிட்டாள். டிசம்பர்வரை அதை யார் தொடப்போகிறார்கள்?

முதல் சில நாட்கள் ஞானையா பழைய நேரத்துக்கே எழுந்தார். சவரம் செய்தார், இஸ்திரி போட்ட சட்டையை மாட்டினார், மாட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தார். பிறகு சவரம் நின்றது. பேப்பர் மடித்தபடியே கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கூப்பிட்டால், "நீ போயிட்டு வா" என்றார். எது கேட்டாலும் "ம்". இன்னும் கொஞ்சம் துருவினால் "சும்மாதான்". ரத்தினபாய்க்கு உலகத்திலேயே பிடிக்காத சொல் அந்தச் சும்மாதான். அது பதிலே இல்லை என்பது அவள் கட்சி.

ஒரு நாள் பாத்திரம் தேய்க்கும் முனியம்மா, கொல்லைப்புறத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஆரம்பித்தாள்.

"யம்மா, சொல்றேன்னு கோச்சிக்காத. நீ இஸ்கூலுக்குப் போனதும் ஐயா ரூமுக்குள்ள பூந்து கதவ சாத்திக்கிறாரு. பெருக்கலாம்னு தொறந்தா, அந்தத் துப்பாக்கிய மடியில வெச்சிக்கினு தொடச்சிக்கினே கீறாரு. நேத்தும் தொடச்சாரு, முந்தாநாளும் தொடச்சாரு. இன்னாத்துக்கு தெனம் தொடைக்கணும்? வெளில எடுத்துக்கினு போனாத்தானே அழுக்காவும்?"

நல்ல கேள்விதான். ரத்தினபாய் அன்றைக்குச் சாயங்காலமே புருஷனிடம் கேட்டாள். அவர் சும்மாதான் என்றார்.

அவளுக்கு மண்டை வெடித்துவிடும் போலிருந்தது. துப்பாக்கி வீட்டில் இருக்கலாமா கூடாதா என்று பார்க்கிற ஆளிடமெல்லாம் கேட்க ஆரம்பித்தாள். "இருந்தாத்தான் டீச்சர் பயம் இருக்கும், யாரும் கிட்ட வரமாட்டான்" என்றார் அத்தாவுல்லா. நாகலக்ஷ்மி கொஞ்சம் யோசித்து, "பூட்டித்தானே வச்சிருக்கீங்க, இருக்கட்டுமேக்கா" என்றாள். பள்ளியில் கணக்கு டீச்சர், திருடன் வரும்போது பீரோ சாவியைத் தேடி, பரண் ஏறி, பெட்டியை இறக்கி முடிப்பதற்குள் அவன் காப்பி போட்டுக் குடித்துவிட்டே போய்விடுவான் என்றாள். அது நியாயமாகத்தான் பட்டது. கேளம்பாக்கத்தில் புருஷனோடு இருந்த ஜோவிதா மட்டும் ஃபோனில் படபடத்தாள்.

"வித்துத் தொலைங்கம்மா. திருடனுக்காகச் சொல்லல. அப்பா குரலே சரியில்ல."

"குரலுக்கு என்ன?"

"தெரியலம்மா. எங்கேயோ தூரத்துல உக்காந்துக்கிட்டு பேசற மாதிரி இருக்கு."

ஃபோனை வைத்தபின் ரத்தினபாய்க்குச் சின்னப்பன் ஞாபகம் வந்தது. ஞானையாவோடு பட்டாளத்தில் இருந்தவர். அவரும் திருச்சிப் பக்கம் ஒரு நிறுவனத்தில் துப்பாக்கியோடு காவலுக்கு நின்று ஓய்வு பெற்றவர்தான். ஓய்வுக்குப் பிறகு ஒரு நாள் துப்பாக்கியைத் துடைக்கும்போது தவறுதலாக வெடித்து இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது. பட்டாளத்தில் ஆயுதத்தைக் குழந்தை மாதிரி கையாண்ட மனிதருக்குக் கை தவறுமா என்று அவள் அப்போதே கேட்டாள். அடக்கத்துக்குப் போய்விட்டு வந்த ஞானையா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இத்தனை நாளாக அவள் ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாளே தவிர, கேட்க வேண்டிய ஆளிடம் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பதில் தெரிந்துவிடுமோ என்று பயந்தாள். புருஷன் தன் கையாலேயே போய்விடுவாரோ என்ற பயம்தான் அது. அதை வாய்விட்டுச் சொல்லவும் அவளுக்குப் பயமாக இருந்தது.

பரண்மேல் பெட்டி இருக்கிறதா என்று தினமும் கீழிருந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவாள். இருந்தது. ரவை நம்மிடம் இருக்கிறவரை ஒன்றும் ஆகாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

அப்படி ஒரு புதன்கிழமை மத்தியானம், பிள்ளைகள் வாய்ப்பாடு கத்திக்கொண்டிருந்தபோது ஆயா வந்து கூப்பிட்டாள். ஆபீஸ் அறைக்கு ஃபோன் வந்திருக்கிறதாம், அவள் வீட்டிலிருந்து. ஞானையா பள்ளிக்கு ஃபோன் செய்ததே கிடையாது. ஜோவிதா ஒருமுறை காய்ச்சலில் விழுந்தபோதுகூட ஆள் அனுப்பித்தான் சொன்னார். ரத்தினபாய் சாக்பீஸ் கையோடு ஓடினாள்.

"என்னங்க? என்ன ஆச்சு?"

"ரத்தினம், ரவை எங்க இருக்கு?"

அதே தட்டையான குரல். ஜோவிதா சொன்ன அந்தத் தூரத்துக் குரல்.

"எந்த ரவை?" என்றாள். கரகரவென்று ஒரு சத்தம். லைன் அறுந்துவிட்டது.

திரும்பப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. நாகலக்ஷ்மி வீட்டுக்குப் போட்டாள். அங்கேயும் எடுக்கவில்லை. தலைமை ஆசிரியை "என்ன டீச்சர், முகமெல்லாம் வெளுத்துப்போச்சு?" என்று கேட்டது காதில் விழுந்தது. பதில் சொல்ல நிற்கவில்லை. கைப்பையைக்கூட எடுக்காமல் வாசலுக்கு வந்து, கிடைத்த ஆட்டோவில் ஏறினாள்.

எந்த ரவை? யோசித்துப் பாருங்கள், அவள் நிலைமையை. மனுஷன் கல்யாணம் ஆன நாளிலிருந்து அடுப்படிக்குள் கால் வைத்ததில்லை. தண்ணீர் வேண்டுமென்றால்கூட வாசலில் நின்று கேட்பார். காலையில் சோறும் குழம்பும் ஆக்கி மூடி வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். அப்படியிருக்க அவருக்குச் சமையல் ரவை எதற்கு? எங்கே வைத்தாய் என்று என்னிடம் சொல்லாதே என்றவர், இப்போது எங்கே இருக்கிறது என்று ஏன் கேட்கிறார்? எப்படிப் புரட்டிப் போட்டுப் பார்த்தாலும் கேள்வி அந்த அட்டைப்பெட்டியில் போய்த்தான் முட்டியது.

ராதா நகர் ரயில்வே கேட் மூடியிருந்தது. மூடாமல் இருந்தால்தான் அதிசயம். மின்சார ரயில் ஒன்று போனது. கேட் திறக்கவில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொன்று வர வேண்டுமாம். "ரவை, ரவை" என்று வாய் தானாக முணுமுணுத்தது அவளுக்கே தெரியவில்லை. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார்.

"இன்னாம்மா, ரவையா? கேட்டத் தாண்டினதும் மளிகக் கட கீது, நிறுத்தட்டா?"

"நிறுத்தாதீங்க! எங்கேயும் நிறுத்தாதீங்க!" என்று அவள் போட்ட கூச்சலில் பக்கத்து ஸ்கூட்டர்காரர் திரும்பிப் பார்த்தார். ஆட்டோக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் ஏதோ உயிர் விஷயம் என்று மட்டும் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. கேட் தூக்கினதும் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே புகுந்து பறந்தார்.

வீட்டு வாசற்கதவு சாத்தியிருந்தது, தாழ்ப்பாள் இல்லை. தள்ளினாள். கடுகு தாளித்த வாசனை, கறிவேப்பிலை வாசனை. கூடவே தீய்ந்த வெங்காய நெடி. அடுப்படிக்குள் ஞானையா பனியனோடு நின்று வாணலியில் கரண்டியைப் போட்டு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. மேடை முழுக்க ரவை இறைந்து கிடந்தது.

"நீ எங்க இந்த நேரத்துல?" என்றார்.

ரத்தினபாய் நிலைப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே திட்டினாள். "உப்புமா கிண்டற மூஞ்சியைப் பாரு! ஒரு மனுஷன் ஃபோனைப் போட்டு ரவை எங்கன்னு கேட்டா எந்த ரவைன்னு நான் எப்படிங்க கண்டுபிடிக்கிறது? செத்துப் பிழைச்சு வந்திருக்கேன் தெரியுமா?"

"லைன் போச்சு. அப்புறம் நானே தேடி எடுத்துட்டேன், சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால இருந்துச்சு. ஃபோன் அடிச்சுது, அடுப்புல எண்ணெய் காய்ஞ்சுது, விட்டுட்டு வர முடியல. தினமும் அதையே வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கோமேன்னு எனக்கே வெறுத்துப்போச்சு ரத்தினம். நீ களைச்சு வருவியே, டிபனாவது பண்ணி வைப்போம்னு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர், அப்போதுதான் அவள் அழுகைக்குக் காரணம் பிடிபட்டு நிறுத்தினார்.

"ச்சே, நீ அந்த ரவையையா நினைச்சே? பைத்தியம், அது எங்க இருக்குன்னுதான் எனக்குத் தெரியுமே!"

சமாதானம் சொல்வதற்காகச் சொன்ன வார்த்தை அது. சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. கரண்டி நின்றுவிட்டது.

ரத்தினபாய் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"எங்க இருக்கு?"

"குடில் பெட்டியில. வைக்கோலுக்குள்ள."

"நான் சொல்லலையே."

"தேடினேன்."

"எதுக்குத் தேடினீங்க?"

அவர் வாணலியையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் காத்திருந்தாள். இந்தத் தடவை சும்மாதான் என்று அவர் சொல்லவில்லை.

"சின்னப்பன் ஞாபகமாவே இருந்துச்சு" என்றார். "எடுத்தேன். கையில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் திரும்ப வச்சுட்டேன். போன வாரம்."

போன வாரம் எந்த நாள் என்று அவள் கேட்கவில்லை. தினமும் கீழிருந்து பார்த்துவிட்டுப் போன பெட்டி அது. எழுந்துபோய் அடுப்பை அணைத்தாள். அவர் தோளில் நெற்றியை வைத்துச் சற்று நேரம் நின்றாள். பிறகு இரண்டு தட்டு எடுத்து உப்புமாவைப் போட்டாள். உப்பு தூக்கலாக இருந்தது, அடியில் கருகியிருந்தது. இருவரும் சாப்பிட்டு முடித்தார்கள்.

"சட்டையைப் போடுங்க. பீரோவைத் திறந்து அதை எடுங்க."

"எங்க போறோம்?"

"ஸ்டேஷனுக்கு."

"ரத்தினம், அது இல்லன்னா நான் வெறும்..." என்று ஆரம்பித்தார். எத்தனையோ வருஷம் அது தோளில் இருந்ததால்தான் பாங்க் சார். அது அவளுக்கும் தெரியும். அவள் பரணிலிருந்து பெட்டியை இறக்கி, பொம்மைகளைத் தரையில் வைத்துவிட்டு, அட்டைப்பெட்டியை மஞ்சள் பைக்குள் போட்டுக்கொண்டாள். அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, சாவியை எடுத்தார்.

பெயிண்ட் கடையைத் தாண்டும்போது அத்தாவுல்லா ஆட்டோவை மறித்தார். காக்கி உறையைப் பார்த்ததும் அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"சார், எங்க கொண்டுபோறீங்க? அப்ப நம்ம தெருவு?"

ஞானையா வாயைத் திறப்பதற்குள் ரத்தினபாய் வெளியே எட்டிப் பார்த்தாள். "தெருவுக்கு ஒரு வாட்ச்மேனைப் போட்டுக்குங்க பாய். எனக்கு என் வீட்டுக்காரர் வேணும்."

அத்தாவுல்லா ஒரு நிமிஷம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஆட்டோவின் கம்பியிலிருந்து கையை எடுத்துக்கொண்டு வழிவிட்டார்.

ஸ்டேஷனில் ஏட்டு சாலமோன் எழுந்து நின்றார். அவர் அம்மாவுக்குப் பென்ஷன் அந்த வங்கியில்தான். "பாங்க் சார்! வாங்க, உக்காருங்க. என்ன, ஊருக்குப் போறீங்களா? பூட்டின வீட்டுல வச்சிட்டுப் போக வேணாம்னு கொண்டாந்தீங்களா? நல்ல காரியம். எப்ப திரும்ப எடுத்துக்குவீங்க?"

ரத்தினபாய் சொல்ல வாயெடுத்தாள். ஆட்டோவில் வரும்போதே என்னென்ன பேச வேண்டும், புருஷன் முரண்டு பிடித்தால் எப்படி மடக்க வேண்டும் என்றெல்லாம் மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தாள். ஞானையா அவளுக்கு முன்னால் பேசினார்.

"எடுக்க மாட்டேன். நானே வந்து கேட்டாலும் குடுக்காதீங்க."

சாலமோன் சிரித்தார். சிரித்தவர் ரத்தினபாயின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். நாற்காலியை முன்னுக்கு இழுத்துப்போட்டு, மெதுவான குரலில் சொன்னார்.

"சார், லைசன்ஸ் உங்க பேர்ல இருக்கறவரைக்கும் நீங்க கேட்டா நாங்க குடுத்துதான் ஆகணும்."

"அப்ப அதையும் எடுத்துக்குங்க."

"காஞ்சிபுரம் கலெக்டர் ஆபீசுக்கு எழுதிக் குடுக்கணும். ஒரு தடவை விட்டா இந்த வயசுல திரும்ப வாங்கறது கஷ்டம். யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சு யோசிச்சுத்தான் இங்க வந்திருக்கேன்" என்றார் ஞானையா. பேனாவைக் கேட்டு வாங்கினார். எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். ரத்தினபாய் மஞ்சள் பையிலிருந்த பெட்டியை மேஜைமேல் வைத்தாள். சாலமோன் அதையும் துப்பாக்கியையும் உள்ளே கொண்டுபோனார். உள்ளே ஒரு இரும்புக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. ஞானையா தோளைத் தடவிக்கொண்டார். அங்கே துப்பாக்கி வார் உரசிச் சட்டை நைந்து ஒரு பட்டை தெரிந்தது.

திரும்பும்போது நடந்தே வந்தார்கள். பள்ளிக்கூடம் விட்ட நேரம், வேன்களும் சைக்கிள்களுமாக ரோடு நெரிந்தது. "நாளைக்கு லீவு போடறேன். ஒரு நல்ல டாக்டரைப் பார்ப்போம். ஜோவிதாவையும் வரச் சொல்றேன்" என்றாள் ரத்தினபாய். வேண்டாம் என்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் சொல்லவில்லை. ஏரிக்கரை வந்ததும் நின்றார்.

"காலையில நீ கிளம்பிப் போறப்ப கேட்டை இழுத்துச் சாத்துவல்ல" என்றார். "அந்தச் சத்தம் கேட்டதுக்கு அப்புறம்தான் ரத்தினம். சாயங்காலம் நீ வர்றவரைக்கும் என்ன பண்றதுன்னே தெரியாது."

அவளுக்குத் தொண்டைவரை கேள்வி வந்து நின்றது. எப்போதிலிருந்து? ஏன் என்னிடம் சொல்லவில்லை? அப்போது மனசில் என்னதான் ஓடும்? அதில் ஒன்றைக் கேட்டாலும் அவர் சும்மாதான் என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வார் என்று பயந்தாள். ஏரிக்கரைக் கட்டைச்சுவரில் உட்கார்ந்து, பக்கத்தில் அவருக்கு இடம் விட்டாள். ஞானையா உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, அவராகவே சொல்ல ஆரம்பித்தார். ரத்தினபாய் டீச்சர் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.